வயர் பாஸ் சவரிமுத்து யாருடைய ஆள்?

சவரிமுத்து இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னவர் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர். அவர் சொல்வதில் பாதிதான் தேறும் என்பது என் அனுபவம். போன வருடம் உயிரோடிருந்த ஒரு கங்காணியைச் சாகடித்து, இழவு வீடு தேடி என்னைக் கந்தப்பளை வரை அலைய வைத்தவர் அவர். ஆகவே, "எப்ப? எங்க? யாரு சொன்னா?" என்று குறுக்கு விசாரணை செய்தேன். அவர் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "நம்பாட்டி போயிப் பாருங்க. கடை பூட்டியிருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, லொறி வயர் பழுதுபார்க்கும் தன் கடையின் கதவுப் பலகைகளில் ஒன்றையாவது கழற்றி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர் சவரிமுத்து. அன்று எல்லாப் பலகையும் போட்டிருந்தது. மேலே வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். நம்பியவுடன் அந்தப் பலகைமேல் சாய்ந்து அழுதுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் என்னைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும்.

மறுநாள் கல்லறைக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள் நடந்தார்கள். என்னைவிட வயதில் சின்னவர்கள், என் முகம் அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் மற்றவரிடம், "வேலையில கெட்டிக்காரன்தான். ஆனா தோட்டக் கம்பனி ஆளுப்பா. அந்தக் காலத்துல ஒரு டிரைவரத் தொரைகிட்டக் காட்டிக் குடுத்தவன்" என்றார். மற்றவர், "அப்பிடித்தான் சொல்றாங்க" என்று தலையாட்டினார். காட்டிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த டிரைவர் நான்தான். அவர்களுக்கு இரண்டடி பின்னால், கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு நடந்துகொண்டிருந்தேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதுவது அதற்காகத்தான். பதின்மூன்று வருடமாக அவர் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சைத் துடைக்க வேண்டியவன் நான். தொழிற்சங்கத்துக்கு மனு எழுதிப் பழகிய கை இது, அஞ்சலி எழுதிப் பழக்கமில்லை. மனு மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. அவரும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால் நான் ஆட்களைச் சந்தேகப்படுவேன், அவர் கம்பிகளைச் சந்தேகப்படுவார். பழைய லொறிகளின் வயர்களுக்கு நூல் உறை இருக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரு காலத்தில் நிறம் இருந்திருக்கும். சவரிமுத்து அந்த நிறத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "மழையிலயும் கிரீசுலயும் கெடந்தா எல்லாக் கம்பியும் ஒரே சாதிதான்" என்பார். இரண்டு வயர் கோத்த ஒரு சின்ன பல்புதான் அவர் ஆயுதம். கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று அந்த பல்பை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், பல்பையே பேட்டரியில் வைத்து ஒருமுறை சோதிப்பார். பார்த்து முடித்த பிறகும் ஒருமுறை சோதிப்பார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "பல்பு செத்திருந்தா நான் நல்ல கம்பியச் செத்த கம்பின்னு சொல்லிருவேன்ல" என்பார். தன் கையிலிருந்த பல்பையே நம்பாத மனிதர், என் வாய்ச்சொல்லை எப்படி நம்பியிருப்பார்?

கதைக்கு வருகிறேன். நாடு சுதந்திரம் வாங்கி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. தோட்டத் தமிழரான எங்கள் வாக்குரிமை போயிருந்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போடுகிறவர்களிடம், அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எப்போது கப்பலேறி வந்தான், கடதாசி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டவன் யாராவது நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைப் பக்கம் வந்தால், பெயரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொன்னோம். நான் வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் லொறி டிரைவர். காலையில் மலைகளிலிருந்து கொழுந்து ஏற்றி, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கீழே ஸ்டேஷனுக்குப் போய், கூட்ஸ் ரயிலில் சேர்க்க வேண்டும்.

அந்த லொறி, யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்தார் ஏலம் விட்டது. பட்டாளத்துப் பச்சைக்கு மேல் தோட்டத்துச் சிவப்பை அடித்திருந்தார்கள். எங்கே சுரண்டினாலும் பச்சை தெரியும். உள்ளே வயர்கள் தாறுமாறாக ஓடின. எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. எங்களைப் போலவே அவற்றுக்கும் கடதாசி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு டிரைவர் வயரைக் கிளறி லொறி தீப்பிடித்த பிறகு, எங்கள் பெரிய துரை ஓர் உத்தரவு போட்டார்: வயரை டிரைவர் தொடக் கூடாது, தொட்டால் பற்றுச்சீட்டு, அதாவது வேலைநீக்கம். பற்றுச்சீட்டு கையில் வந்தால் வேலை மட்டும் போகாது, குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். கொழுந்தெடுக்கும் மனைவியின் பெயரையும் பதிவிலிருந்து அடித்துவிடுவார்கள். செல்லம்மாவும் நானும் இரண்டு பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவும் தெரிந்தே நான் வயரைத் தொட்டேன். ஸ்டேஷனுக்கு இறங்கும் பாதையில் முனியாண்டி கோயில் வளைவு ஒன்று இருந்தது. பாரம் ஏற்றிப் போகிற டிரைவர் எவனும் அங்கே இறங்கிச் சூடம் கொளுத்தாமல் போக மாட்டான். கூட்ஸுக்கு நேரமாகிறது என்று பெரிய கிளாக்கர் தொண்டை கிழியக் கத்துவார். அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். மீசை முறுக்கிய முனியாண்டி படம் ஒன்றைச் சட்டம் போட்டு லொறிக்குள் மாட்டி, அதன் கீழே இலந்தைப்பழம் அளவு சிவப்பு பல்பு ஒன்றை வைத்தேன். எஞ்சினுக்கு மின்சாரம் போகும் ஆணியிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு சின்ன சுவிட்சும் போட்டேன். வயர் போதவில்லை. டிரைவருக்கு முன்னாலுள்ள மீட்டர் தட்டுக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய வயரின் நுனியைச் சுரண்டி அதோடு சேர்த்து முறுக்கினேன். சும்மா தொங்குகிற வயர்தானே என்று நினைத்தேன். வளைவு வரும்போது சுவிட்சைப் போடுவேன், சாமி சிவப்பாக எரியும், மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன்.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் பெட்டிகள் நிறைய ஏற்றிக்கொண்டு போகும்போது, அதே வளைவில் சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் நின்றுவிட்டது. என்னவோ கருகும் நாற்றம் வந்தது. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்: முனி சுருட்டுப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் முனிக்குச் சுருட்டு வைத்துத்தான் படைப்பார்கள். நேர்ந்துவிட்ட சேவலை நான் இன்னும் கொடுக்காதது ஞாபகம் வந்தது. வியர்த்துப் போய் இறங்கிக் கும்பிட்டு, பல்பை அணைத்து, அரைமணி நேரம் கழித்துக் கிளப்பினேன். கூட்ஸ் போய்விட்டிருந்தது. அடுத்த வாரமே சேவலைக் கொடுத்தேன். அதன் பிறகும் இரண்டு முறை நின்றது. சேவலில் ஏதோ குறை என்று நினைத்தேனே தவிர, நான் முறுக்கிய வயரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

காலம் சரியாக இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. அப்போது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் இரண்டு பேரை வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பியதில், சங்கத்துக்கும் துரைக்கும் பேச்சு முற்றியிருந்தது. எங்கள் தோட்டத்தில் சங்கத் தலைவர் என் மச்சான். மூன்று தடவை தேயிலை கூட்ஸைத் தவறவிட்டது, மூன்று தடவையும் ஒரே வளைவு, ஓட்டியவன் தலைவரின் மச்சான். துரை இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

மூன்றாம் தடவை நின்ற அன்று சாயந்தரமே பயந்துபோய்ப் படத்தையும் பல்பையும் கழற்றி, வீட்டில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். மறுநாள் பெரிய கிளாக்கர் லொறிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். நான் சுரண்டிய வயர் நுனி பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"உது என்ன, டிரைவர்? புதுசாச் சுரண்டியிருக்கு. ஆர் செய்தது?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"வேணுமெண்டு எஞ்சினை நிப்பாட்டத்தானே உது? சங்கத்தில சொல்லித் தந்தவையோ?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க."

தெரியாது என்று சொன்ன பிறகு தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியாது என்பதிலேயே நின்றேன். துரை தன் அரைகுறைத் தமிழில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "ஹட்டன் பாஸ் வரும். அவன் சொல்லும்" என்றார்.

கைவேலை தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். அப்படித்தான் சவரிமுத்து வந்தார். காக்கிச் சட்டை, ஒரு தகரப்பெட்டி, கூட ஆள் கிடையாது. வந்ததும் பெரிய கிளாக்கர் அவரைத் தன் மேசையிருக்கும் கந்தோருக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். நான் ஸ்டோர் வாசலில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். பழைய சாரத்துணியைக் கிழித்து, ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டைக் கட்டினார். ஒன்றுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததுக்கு இரண்டு முடிச்சு. எழுதி ஒட்டலாமே என்றேன். "எழுத்து எண்ணெயில அழியும். முடிச்சு அழியாது" என்றார். பிறகு பேட்டரியைத் திரும்ப மாட்டி, என்னை ஆசனத்தில் உட்காரச் சொன்னார். "பிரேக்க மிதிங்க. விடுங்க. லைட்டப் போடுங்க. அணைங்க." காலையிலிருந்து சாயந்தரம் வரை இதே பாட்டு. பெரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் வந்த சனமெல்லாம் நின்று பார்த்தது. என் கை தன்பாட்டில் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். படம் இருந்த இடத்தை நான் பார்க்காமலே இருந்தேன். அப்படிப் பார்க்காமல் இருப்பதையும் அவர் பார்த்திருப்பார்.

இடையிடையே கேள்வி கேட்டார். "இந்த லொறிய நீங்க எப்ப எடுத்தீங்க? முந்தி யாரு ஓட்டுனது? பின்னால பலகை அடிச்சது யாரு?" பிரஜாவுரிமைக் கந்தோரில் பதில் சொல்வதுபோல், கேட்டதற்கு மட்டும் சொன்னேன். மத்தியானம் செல்லம்மா அவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் கும்பிட்டு மறுத்தார். "வேல முடியட்டும்மா. இப்ப குடிச்சா நாளைக்கு நான் சொல்றத யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். சாதி பார்க்கிறான் என்றேன் நான், செல்லம்மாவிடம். கொஞ்ச நேரத்தில் பங்களாவிலிருந்து வந்த தேத்தண்ணியையும் அவர் திருப்பி அனுப்பினார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் செல்லம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று சாயந்தரம் மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் குளிக்கப் போனபோது, மச்சானும் நாலைந்து பேரும் இருந்தார்கள். நான் அங்கே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வந்திருக்கிற பாஸ் கம்பனி ஆளு. கிளாக்கர்கூடக் கதவச் சாத்திக்கிட்டுப் பேசுறான். நம்மள மாட்டி விடத்தான் வந்திருக்கான்." அவ்வளவுதான் சொன்னேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் அது எல்லா லயத்துக்கும் போய்விட்டது.

மறுநாள் அவர் வந்தபோது யாரும் முகம் கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டார், முந்தின நாள் கொடுத்த ஸ்டோர் ஆளே காதில் விழாதவன்போல் போனான். கொழுந்துக் கூடையோடு போன ஒரு பெண், அவருக்குக் கேட்கும்படியாகவே, "வால் புடிக்கிறவனுக்குத் தண்ணியும் தொரதான் குடுக்கணும்" என்றாள். அவர் நிமிரவில்லை. பல்பைப் பேட்டரியில் வைத்துச் சோதித்தார். பிறகு லொறிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார்.

பகல் இரண்டு மணி இருக்கும். "டிரைவரே, உள்ள வாங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. நானும் சாக்கில் படுத்து நகர்ந்தேன். பின்சக்கரங்களுக்கு நடுவில் அச்சில் காய்ந்திருந்த சேற்றை அவர் சுரண்டியிருந்தார். சேற்றுக்கு அடியில் வெள்ளைப் பெயின்ட்.

"இங்க எதுக்கு வெள்ளையடிச்சான் தெரியுமா?" என்றார். "யுத்தத்துல ராத்திரி லைட்டுப் போடக் கூடாது. மேல பிளேன் பாத்துரும். அதனால பட்டாளத்து லொறிக்கெல்லாம் அடியில ஒரு சின்ன லைட்டு, இந்த வெள்ளைய மட்டும் காட்டும். பின்னால வர்றவன் அதப் பாத்து ஓட்டுவான். லைட்டக் கழட்டிட்டான், கம்பிய விட்டுட்டான்."

வெள்ளைக்கு மேலே, ஒரு விரல்கடை உயரத்தில், ஒரு வயர் நுனி உறையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே வெள்ளைப் பெயின்டில் ஒரு கருகல். அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாரம் ஏறினால் வில் அமுங்கும், அச்சு மேலே வரும், அந்த நுனி இரும்பில் படும். முன்னால் யாராவது அந்த வயரில் மின்சாரம் கொடுத்திருந்தால் அத்தனையும் இரும்பில் இறங்கிவிடும், எஞ்சினுக்கு ஒன்றும் மிஞ்சாது. கருகல் நாற்றமும் வரும். மூன்று தடவை லொறியை நிறுத்தியது நான்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"ஒரு முனைய மட்டும் பாத்தா அது வதந்திங்க. ரெண்டு முனையும் பாத்தாத்தான் கம்பி" என்றார் அவர். "பின் முனைய நான் பாத்துட்டேன். முன் முனையில என்ன இருந்துச்சுன்னு இன்னும் பாக்கல. யாரோ எதையோ முறுக்கிக் கழட்டிருக்காங்க. கெடுக்க நெனச்சவன் முறுக்குன மாதிரி தெரியல. அவனா இருந்தா ஒளிச்சு முறுக்கியிருப்பான். இது சும்மா, வீட்டுல கொடி கட்டுற மாதிரி முறுக்கு." என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "நாலு மணிக்குத் தொரையப் பாக்கப் போறேன். பாத்தத மட்டுந்தான் சொல்லுவேன்."

எனக்கு வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். என் வாயைப் பிடுங்குகிறான், சொன்னால் நேரே போய்ச் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். நகர்ந்து வெளியே வந்தேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு பங்களாப் பாதையில் ஏறுவதை லயத்து வாசலில் நின்று பார்த்தேன். செல்லம்மா விறகுக்குப் பின்னாலிருந்து படத்தையும் பல்பையும் எடுத்து வந்து என் கையில் வைத்தாள். எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

"கொண்டு போயிக் குடுங்க" என்றாள்.

"பற்றுச்சீட்டுக் குடுத்துருவாங்கடி."

"குடுக்காட்டியும் குடுக்கத்தான் போறாங்க. சங்கத்த இழுத்து விட்டுட்டுப் போறதுக்குப் பதிலா, சாமி படத்துக்காகப் போனாங்கன்னு இருக்கட்டும்."

குறுக்குப் பாதையில் ஓடினேன். பங்களாவின் கந்தோர் அறையில் துரை உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிளாக்கர், எதிரே சவரிமுத்து. மேசைமேல் டைப் அடித்த ஒரு கடதாசி கிடந்தது. கேட்காமலே உள்ளே போய், முனியாண்டியை அந்தக் கடதாசிமேல் வைத்தேன். "நான்தாங்க தொரை முறுக்குனேன். சாமிக்கு லைட்டுப் போட முறுக்குனேன். சங்கத்துக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்றேன். துரை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சவரிமுத்து மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. "இதுதாங்க தொரை நான் தேடுன முன் முனை" என்றார்.

துரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. மறுநாள் லொறியில் பெட்டிகளை ஏற்றச் சொல்லி, என் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்தார். கிளாக்கரும் சவரிமுத்துவும் பின்னால் பெட்டிகளோடு நின்றார்கள். படத்தையும் பல்பையும் பழையபடி மாட்டியிருந்தேன். வளைவில் சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் நின்றது, கருகல் நாற்றம் வந்தது. துரை மூக்கைச் சுருக்கினார். சவரிமுத்து இறங்கி அடியில் போய், அந்த நுனியை வெட்டிச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தார். திரும்ப மேலே போய்த் திரும்ப இறங்கினோம். சாமி சிவப்பாக எரிந்தது, எஞ்சின் ஓடியது. "ஓட்டு, ஓட்டு" என்றார் துரை, ஸ்டேஷன் வரைக்கும்.

பற்றுச்சீட்டு வரவில்லை. உத்தரவை மீறியதற்காக மூன்று மாதம் லொறியிலிருந்து இறக்கி, மலையில் தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டார்கள். காம்பிரா தப்பியது, செல்லம்மாவின் பெயர் தப்பியது. பெட்டி ஏற்றியவர்கள் ஸ்டோரிலேயே நின்றுவிட்டதால், வளைவில் நடந்தது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். ஆனால் நான் மண்வெட்டியோடு போவதைத் தோட்டம் முழுக்கப் பார்த்தது. "பாஸ் காட்டிக் குடுத்துட்டானாமே" என்று கேட்டார்கள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், சாமிக்கு லைட்டுப் போட்டு லொறியை நிறுத்தியவன், கருகின வயரைச் சுருட்டு நாற்றம் என்று நினைத்துச் சேவல் வெட்டியவன் என்று மூன்று தலைமுறைக்குச் சிரிப்பார்கள். காட்டிக் கொடுக்கப்பட்டவன் என்றால் மரியாதை. மச்சான் கூட்டத்தில் என்னைத் தியாகி என்று பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். செல்லம்மா அன்று என்னோடு பேசவில்லை.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. எங்கள் பக்கத்துத் தோட்டத்து டிரைவர் ஒருவரும் அவர் கடைக்கு வண்டி கொண்டு போகவில்லை. கோயில் திருவிழாவுக்கு லைட்டுப் போட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். கம்பனி ஆள் என்றீர்களே, கம்பனியாவது கூப்பிட்டதா? அதுவும் இல்லை. மூன்று வருடம் கழித்துப் பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றுப் போகும்போது, அவரே எரிச்சலோடு என்னிடம் சொன்னார். "உம்முடைய ஆள் அண்டைக்குக் கதவைச் சாத்தி வைச்சுக் கேட்டும் கையெழுத்து வைக்கேல்லை. அடுத்த நாள் துரைக்கு முன்னாலயும் வைக்கேல்லை. ஒரு முனைதான் பார்த்தனான், இன்னும் ஒரு நாள் வேணும் எண்டு நிண்டவர். பிறகு ஆர் கூப்பிடுவினம்?" மேசைமேல் கிடந்த கடதாசி அதுதான். டிரைவர் வேண்டுமென்றே நிறுத்தினான் என்று அதில் டைப் அடித்திருந்ததாம். அவர் கேட்ட அந்த ஒரு நாள் எனக்காகக் கேட்டது.

அதன் பிறகு அவர் கடைக்குப் போகத் தொடங்கினேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவேன். பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். இப்போது மறுக்க மாட்டார். எல்லாம் பேசுவோம், அதை மட்டும் பேச மாட்டோம். சில நாள் அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பார். இவருக்குத் தெரியுமோ, தெரிந்துதான் சும்மா இருக்கிறாரோ, ஏன் சும்மா இருக்கிறார் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வருவேன். நல்ல மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தும் என் புத்தி அப்படித்தான் ஓடியது.

போன வருடம் அவர் இருமலோடு இருந்தபோது, கடை இல்லாத ஒரு ஞாயிறு காலை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கோயில் பூசைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "சவரியண்ணே, ஒங்களக் கம்பனி ஆளுன்னு சொன்னது..." என்று நிறுத்தினேன்.

"நீங்கதான். பீலிக்கரையில" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளு தண்ணி கேட்டப்பவே. முந்தின நாளு குடுத்தவங்கதானே. நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாத்தா, நீங்கதான் குளிக்கப் போனீங்க."

"அப்ப ஏண்ணே எனக்காக நின்னீங்க?"

"ஒங்களுக்காக யாரு நின்னா? கம்பிக்காக நின்னேன்" என்று சிரித்தார். இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். பன்னெண்டு வருசம் ஆக்கிட்டீங்க, டிரைவரே" என்றார்.

நான் அவர் காலைத் தொட்டு, தப்பு என்றேன். அழுதேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். வேலையில் ஒரு குறையைக் காட்டுகிற அதே குரலில் சொன்னார்:

"எங்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் இருந்தார். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கல்லறைப் பாதையில் அந்த இரண்டு டிரைவர்களிடமும் சொல்லவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கொடுத்த இந்த ஒரு வேலைதான்.

ஆகவே தெரியாதவர்களே, கேளுங்கள். சவரிமுத்து கம்பனியின் ஆள் அல்ல. அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அப்படிச் சொன்னவன் நான், அது பொய்.